பாதியில் நிற்கும் கதைகள்: ஊக்கம் போய்விட்டதா, வழி தெரியவில்லையா?

அரைவரி | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இங்கே வெகுநாட்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுவே முதல்முறை.

சிறுகதைகள் எழுதுகிறேன். சில இதழ்களில் வெளியாகியிருக்கின்றன. வெளிவந்தபோது நாலு பேர் பாராட்டினார்கள், ஒருவர் "இதில் கதை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அதெல்லாம் போகட்டும். இப்போது எதைத் தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. என் கணினியில் 'நடப்பில்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் இருப்பவை எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. திறப்பேன், கடைசிப் பத்தியைப் படிப்பேன், ஒரு சொல்லை மாற்றுவேன், மூடிவிடுவேன்.

ஊக்கம் குறைந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஊக்கமூட்டும் உரைகளையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். கேட்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டு முடித்ததும் இன்னொரு உரையைக் கேட்கத்தான் ஊக்கம் வருகிறது. பிறகு, எனக்குத் திசைதான் தெரியவில்லையோ என்று தோன்றியது. வரலாற்று நாவல் எழுது, அதற்குத்தான் வாசகர்கள் என்கிறார் ஒருவர். துப்பறியும் கதை எழுது என்கிறார் இன்னொருவர். சிறுகதைத் தொகுப்பை யாரும் வாங்குவதில்லை, கட்டுரைக்கு வந்துவிடு என்கிறார் பதிப்பகத்தில் இருக்கும் நண்பர். மூவரும் என் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் சொன்னதையும் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு வரிகூட நகர மறுக்கிறது.

நான் எந்த வகை எழுத்தாளன் என்று முதலில் முடிவு செய்துகொண்டு எழுத வேண்டுமா? இல்லை, எழுதிக்கொண்டே போனால் அது தானாகத் தெரியவருமா? தானாகத் தெரியவரும் என்றால், போக முடியாமல் நிற்பவன் என்ன செய்வது?

நடுப்பக்கம் | ஞாயிறு, இரவு 10.15

நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். திசை, வகை, ஊக்கம் என்பதெல்லாம் நாற்காலியில் உட்காராதவர்கள் பேசுகிற பேச்சு. தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் வராததை எழுதுங்கள். எழுந்திருக்க மட்டும் கூடாது.

ஆந்தனி டிராலப் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் பொறுப்பான பதவியில் இருந்தவர். வேலைக்குப் போவதற்கு முன் விடியற்காலையில் மூன்று மணி நேரம் எழுதுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தனக்குத் தானே கெடு விதித்துக்கொண்டார். இப்படியே 47 நாவல்கள். அவர் இறந்த பிறகு, 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதைக் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார். கலை என்றால் அருள் வந்து ஆடுவது என்று நம்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய மதிப்பே கொஞ்ச காலம் இறங்கியது. நாவல்கள் மட்டும் இன்றும் படிக்கப்படுகின்றன.

இதற்கு ஆய்வும் உண்டு. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1980-களில் பேராசிரியர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார். மனம் வரும்போது எழுதியவர்களைவிட, கட்டாய அட்டவணைப்படி எழுதியவர்கள் பல மடங்கு பக்கங்கள் எழுதினார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் தோன்றின. யோசனை வரட்டும், பிறகு உட்காரலாம் என்று இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

சும்மாவாசகன் | ஞாயிறு, இரவு 10.52

நான் எழுதுகிறவன் இல்லை, படிக்கிறவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். எழுத வரவில்லை என்றால் எழுதாமல் இருந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. மௌனி வாழ்நாள் முழுவதிலும் எழுதியது ஏறத்தாழ 24 சிறுகதைகள்தான். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-இல் வந்தது, இரண்டாவது நாவல் 1981-இல். இடையில் இருந்த அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் தோல்வி என்று இன்று யாராவது சொல்கிறார்களா? இப்போது வாரம் ஒரு கதை, மாதம் ஒரு நூல் என்று வரிசையில் நிற்கிறார்கள். படிப்பவனுக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

நடுப்பக்கம் | ஞாயிறு, இரவு 11.03

மௌனியைக் காட்டி எழுதாமல் இருப்பவர்கள்தான் தமிழில் அதிகம். அவர் எழுதாமல் இருந்ததைப் பின்பற்றுவது எளிது. அந்த 24-ஐப் பின்பற்றிப் பாருங்கள்.

கடைசிவரைவு | திங்கள், காலை 6.20

நடுப்பக்கம் தம்பி, டிராலப்பைப் பாதியோடு விட்டுவிட்டீர்கள். அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம் அவர் புதிதாக ஒரு சொல்லும் எழுதவில்லை. முந்தைய நாள் எழுதியதைப் படித்தார். சொற்களின் ஒலியைக் காதால் எடைபோட்டுப் பார்த்ததாக அவரே சொல்கிறார். அதன் பிறகுதான் கடிகாரம். நேற்றைய பக்கத்தில் தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்று தெரிந்துகொண்டு உட்காருகிறவருக்குக் கால் மணி நேரத்தில் 250 சொற்கள் வரும். தெரியாமல் உட்காருகிறவருக்குக் கடிகாரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கும். பாய்ஸ் ஆய்வில் இருந்தவர்களும் பேராசிரியர்கள். என்ன பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது. அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் காலையில்தான் எழுதுகிறேன். ஆனால் அரைவரி தம்பி கேட்டது அதையல்ல.

எனக்குப் பிறர் கதைகளைச் செப்பனிடும் வேலை. "மனமே வரவில்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் பாதிப் பேர். ஊக்கமின்மை என்பது காய்ச்சல் மாதிரி. அது நோயில்லை, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்பதன் அடையாளம். நின்றுபோன கதையை வாங்கிப் படித்தால் அநேகமாகக் கடைசிப் பக்கத்திலேயே காரணம் கிடைத்துவிடுகிறது. எழுதியவர் முடிவெடுக்காமல் விட்ட ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண் உண்மையிலேயே அவனை மன்னித்துவிட்டாளா, அந்தக் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, இதைச் சொல்லிக்கொண்டிருப்பது யார், இப்படி ஏதாவது ஒன்று. அதை முடிவு செய்யாதவரை கை நகராது. அவரோ தன் மனோதிடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

தம்பி, ஒன்று செய்யுங்கள். நின்றுபோன கதைகளில் ஒன்றின் கடைசிப் பத்தியை இங்கே போடுங்கள். திருத்தாமல் போடுங்கள்.

புதுவரவு | திங்கள், காலை 9.10

எனக்கு நேர்மாறான சிக்கல். முகநூலில் எழுதும்போது ஊக்கம் பிய்த்துக்கொண்டு வருகிறது. விருப்பக்குறிகள் குறைந்த அன்று மறுநாள் எழுதவே பிடிப்பதில்லை. பரிசுப் போட்டிகளுக்கு மட்டும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். கெடு தேதி இருந்தால் முடித்துவிடுவேன்.

மெய்ப்பு | திங்கள், பகல் 1.30

கெடு தேதிக்காகப் போட்டி, சரி. பரிசுக்காகப் போட்டி என்றால் கொஞ்சம் பொறுங்கள். 1973-இல் மார்க் லெப்பரும் உடன் இருந்தவர்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு தந்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள்தான் அவற்றைக் குறைவாகத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே பரிசு வரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு விலை பேசிவிட்டு உட்காராதீர்கள்.

விருப்பக்குறிகளைப் பற்றி என் கருத்து: பதிவைப் போட்டுவிட்டு ஒரு நாள் எட்டிப் பார்க்காமல் இருந்து பழகுங்கள். முதலில் கை அரிக்கும்.

பி.கு.: இந்த இழையில் ஒற்றுப்பிழைகள் குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ்கிறேன். நீடிக்காது என்பதும் தெரியும்.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.45

இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் முடியும்.

எனக்குத் தினமும் ஒரே நேரம் என்பது வாய்க்காது. பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். எனக்குக் கைகொடுப்பது ஹெமிங்வே ஒரு நேர்காணலில் சொன்ன வழிதான்: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். முழுவதும் இறைத்துவிடக் கூடாது. நான் வரியின் நடுவில் நிறுத்திவிடுவேன். மறுபடி திறக்கும்போது அந்த வரியை முடிப்பது மட்டும்தான் வேலை. அது முடிந்தால் அடுத்த வரி தானாக வந்து நிற்கும். இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும்.

ஆனால் கடைசிவரைவு அக்கா சொன்னதைப் படித்த பிறகு ஒன்று உறைக்கிறது. இந்த வழி அடுத்தது என்ன என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான். தெரியாமல் நிற்பவனுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

அரைவரி | செவ்வாய், காலை 7.05

அனைவருக்கும் நன்றி. அக்கா, கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போடுகிறேன். தம்பி மீதான வழக்கில் சாட்சி சொல்லப் போகும் ஓர் அக்காவின் கதை. நான்கு பக்கம் ஓடிவிட்டு இங்கே நிற்கிறது.

"பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் கைப்பையின் வார் பெஞ்சின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்."

அவ்வளவுதான். இதன் பிறகு அவளைக் கூண்டில் ஏற்றி எழுதிப் பார்த்தேன். எல்லாமே தொலைக்காட்சித் தொடர் மாதிரி வருகிறது, அழித்துவிட்டேன்.

கடைசிவரைவு | செவ்வாய், காலை 7.40

நல்ல பத்தி. கைப்பையில் என்ன இருக்கிறது?

அரைவரி | செவ்வாய், காலை 7.52

தெரியவில்லை அக்கா. அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். பிறகு எதையாவது பார்க்க வேண்டுமே என்று கைப்பையைப் போட்டேன்.

கடைசிவரைவு | செவ்வாய், காலை 8.10

அதற்காகப் போட்டிருந்தால் தரையைப் பார்த்தான் என்று எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். உங்கள் கை கைப்பைக்குப் போயிருக்கிறது. அதில் ஏதோ இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. அது என்ன என்று முடிவு செய்யாமல் அவளைக் கூண்டில் ஏற்றினால் தொலைக்காட்சித் தொடர்தான் வரும். அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லையே, அழுவதைத் தவிர வேறு என்ன செய்வாள்?

மற்றக் கதைகள் எங்கே நின்றன? பத்தி வேண்டாம், ஒரு வரியில் சொல்லுங்கள்.

அரைவரி | செவ்வாய், காலை 8.31

ஒன்று: சேர்ந்து சிற்றிதழ் நடத்திப் பிரிந்துபோன இரண்டு நண்பர்கள். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போகிறார். கதவு திறக்கிறது. நின்றுவிட்டது.

இன்னொன்று: காது மந்தமான அப்பாவுக்கு மகன் காதொலிக் கருவி வாங்கிப் பொருத்துகிறான். இத்தனை ஆண்டுகளாக அப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அம்மா அவர் எதிரிலேயே என்னென்னவோ முணுமுணுத்துப் பழகியவள். கருவி பொருத்திய மறுநாள் காலை. அம்மா சமையலறையிலிருந்து வருகிறாள். நின்றுவிட்டது.

நடுப்பக்கம் | செவ்வாய், காலை 8.44

இரண்டாவது கதையை நீங்கள் முடிக்காவிட்டால் நான் எடுத்துக்கொள்வேன். எச்சரிக்கை.

கடைசிவரைவு | செவ்வாய், மாலை 6.15

வேலையில் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. தம்பி, நீங்கள் போட்டதையே இன்னொரு முறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். சாட்சிக் கூண்டு, திறந்த கதவு, காதில் கருவியோடு அப்பா. மூன்றிலும் ஒருவர் வாயைத் திறந்தே ஆக வேண்டிய இடம். அதுவரை வேகமாக வருகிறீர்கள், அந்த இடத்தில் வெளியேறிவிடுகிறீர்கள்.

திசை எங்கே என்று கேட்டீர்கள். வரலாற்றிலும் இல்லை, துப்பறிவதிலும் இல்லை. நெருங்கியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருப்பவை, அவற்றைச் சொல்லித் தீர வேண்டிய வேளை. உங்களை இழுப்பது அதுதான். திட்டம் போட்டு வரவில்லை, மூன்று முறை தானாக அங்கே போய் நின்றிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து ஓர் எழுத்தாளரின் திசை இப்படித்தான் தெரியவருகிறது. எதிரில் பார்த்தால் தெரியாது, எழுதிக் குவித்ததைத் திரும்பிப் பார்த்தால் தெரியும். நாளைக்கு வரலாற்று நாவல் எழுதினாலும் அதில் ஓர் அரசனும் அவன் தம்பியும் பேச முடியாமல் ஓர் அறையில் நிற்பார்கள், பாருங்கள்.

பதிப்பக நண்பர் சொன்னது முடிந்துபோன புத்தகத்தை விற்பது பற்றிய அறிவுரை. நல்ல அறிவுரையாகவே இருக்கலாம். அதை எழுதும் மேசைக்கு எடுத்து வராதீர்கள்.

சும்மாவாசகன் | செவ்வாய், இரவு 8.05

அக்கா, மன்னிக்கவும், ஓர் ஐயம். கதை எதுவாக இருந்தாலும் உச்சத்துக்கு முன்னால்தானே நிற்கும்? சாலையில் பஸ் பழுதானால் ஏற்றத்தில்தான் பழுதாகும். அதை வைத்து ஓட்டுநரின் ஆன்மாவைப் படிக்க முடியுமா? மூன்று கதைகள் மட்டும் போதுமா இப்படிச் சொல்வதற்கு?

கடைசிவரைவு | செவ்வாய், இரவு 8.30

நியாயமான கேள்வி. மூன்று போதாதுதான். ஆனால் உச்சம் என்பது எல்லோருக்கும் பேச்சாக இருப்பதில்லை. சிலர் கதைகளில் ஆள் ஓடுவான், ஒளிவான், அடிப்பான், ஊரைவிட்டுப் போவான். என்னிடம் வரும் கதைகளில் பாதி, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் யாரையாவது சாகடித்துவிடும். தம்பியின் கதைகளில் எவரும் ஓடவில்லை, சாகவுமில்லை. எதிரெதிரே நிற்கிறார்கள், பேச வேண்டும், பேசவில்லை. அவர் வெளியிட்ட கதைகளை எடுத்துப் பார்க்கட்டும். அங்கேயும் இது இருந்தால் நான் சொன்னது சரி. இல்லையென்றால் உங்கள் பஸ்ஸில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

இரவுப்பணி | புதன், அதிகாலை 2.10

திசை பற்றி என் பங்குக்கு. யாரைப் பார்த்து வியக்கிறோம் என்பதைவிட யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்பது அதிகம் காட்டிக்கொடுக்கும். பெரிய பெரிய நாவல்களைப் படித்து வியந்திருக்கிறேன், ஆனால் அவற்றை நான் எழுதியிருக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யாரோ எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை, ஒரு தொழிற்சாலையின் இரவைப் பற்றி. அதைப் படித்ததும் வயிறு எரிந்தது. இதை எனக்கு முன்னால் எழுதிவிட்டாரே என்று. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை, பணியிடக் குறிப்புகள்தான் எழுதுகிறேன்.

புதுவரவு | புதன், காலை 10.00

யாருமே கேட்காத கேள்வி: இத்தனையும் செய்து நன்றாக வராவிட்டால்?

நடுப்பக்கம் | புதன், காலை 10.25

நன்றாக வராததை முடியுங்கள். நன்றாகத் தொடங்கி விட்டுவிட்ட பத்துக் கதைகளைவிட, சுமாராக முடித்த ஒன்று அதிகம் கற்றுத்தரும். நடுப்பகுதியில் தொய்வதும் முடிவில் அவசரப்படுவதும் முடித்தவனுக்குத்தான் தெரியும். தொடங்குவதை மட்டும் பயிற்சி செய்துகொண்டிருந்தால் தொடங்குவதில் மட்டும்தான் தேர்ச்சி வரும்.

கெடு வேண்டும் என்றீர்களே, 1999-இல் அமெரிக்காவில் ஒரு வழக்கம் தொடங்கியது. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்களில் ஒரு நாவலின் முதல் வரைவு. தினமும் ஏறத்தாழ 1,667 சொற்கள். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்து எழுதினார்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் கெடுவை யாரும் மூட முடியாதே. நீங்களும் இன்னொருவரும் சேர்ந்தால் போதும்.

மெய்ப்பு | புதன், பகல் 12.50

அந்த எண்ணிக்கையை அப்படியே தமிழுக்கு எடுத்துவராதீர்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களாகப் பிரிந்து நிற்பது தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே மூச்சாக நிற்கும். அதே நீளக் காட்சிக்கு நமக்குச் சொற்கள் குறைவாகத்தான் ஆகும். 1,667 என்று மார்தட்டிக்கொண்டு இறங்கினால் மூன்றாம் நாளே மூச்சு வாங்கும், பிறகு ஊக்கம் போய்விட்டது என்று இன்னோர் இழை தொடங்குவீர்கள். கணக்கு வேண்டும் என்றால் காட்சியைக் கணக்கு வையுங்கள். இன்றைக்கு ஒரு காட்சி.

அரைவரி | வெள்ளி, இரவு 10.20

இரண்டு நாட்கள் இந்தப் பக்கம் வரவில்லை. வெளியான கதைகளை எடுத்துப் படித்தேன். அக்கா சொன்னது பெரும்பாலும் இருக்கிறது. ஒரு கதையில் மட்டும் இல்லை; அதைத்தான் அந்த ஐந்தாவது ஆள் "கதை எங்கே?" என்று கேட்டிருந்தார். சும்மாவாசகன் ஐயா, இதையும் நீங்கள் தற்செயல் என்பீர்கள்.

கைப்பையில் இருப்பது சாவி. வீட்டுச் சாவி, தம்பியுடையது. சம்பவம் நடந்த இரவில் அந்த இடத்தில் அவன் அதைத் தொலைத்துவிட்டான். காவலர்கள் வருவதற்கு முன் அவள் அங்கே போய் எடுத்துவந்திருக்கிறாள். அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இது தெரிந்ததும் கூண்டில் ஏறிவிட்டாள். முதல் வரைவு:

"'அன்று இரவு உங்கள் தம்பி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்?'

'ஒன்பது மணிக்கு.'

'கதவை யார் திறந்தது?'

'அவனே திறந்துகொண்டு வந்தான். அவனிடம் ஒரு சாவி உண்டு.'

'அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?'

'அவனிடம்தான் இருக்கும்.'

கைப்பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிகொண்டாள். உள்ளே சில்லறையோடு ஏதோ உரசியது. உண்மைக்கும் பாசத்துக்கும் நடுவே அவள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள்."

நடுப்பக்கம் | வெள்ளி, இரவு 10.31

அடடா. "அவனிடம்தான் இருக்கும்" நன்றாக இருக்கிறது. "இருக்கிறது" என்று சொல்லத் துணியவில்லை அவள்.

மெய்ப்பு | வெள்ளி, இரவு 10.40

'மாற்றிக்கொண்டாள்'. க் விட்டுப்போயிருக்கிறது. சொன்னேன் அல்லவா, நீடிக்காது என்று.

கடைசிவரைவு | வெள்ளி, இரவு 10.55

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சில்லறையோடு உரசியதே, அதிலேயே எல்லாம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு உண்மை, பாசம் என்று பெயர் சொல்லி அழைத்தால் வாசகரை நம்பவில்லை என்று ஆகிவிடும். உரசலோடு நிறுத்திவிட்டு, வழக்கறிஞரின் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

சும்மாவாசகன் | வெள்ளி, இரவு 11.10

தற்செயல் என்று சொல்ல மாட்டேன், பஸ்ஸிலிருந்து நானே இறங்கிவிட்டேன். ஆனால் வாசகனாக ஓர் இடம் இடிக்கிறது. சாவி அவளிடம் இருப்பது தம்பிக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியாதவன் எதற்காகக் கைப்பையைப் பார்த்தான்?

அரைவரி | வெள்ளி, இரவு 11.18

ஆமாம். இதை நான் யோசிக்கவே இல்லை.

மெய்ப்பு | வெள்ளி, இரவு 11.25

வார் மாட்டி இழுபட்டதில் பை லேசாகத் திறந்திருக்கலாம். சாவியில் ஒரு கயிறு கட்டியிருந்தால், அதன் நுனி வெளியே தெரிந்திருக்கலாம். அந்த நொடியில்தான் அவனுக்கே தெரியவருகிறது.

கடைசிவரைவு | வெள்ளி, இரவு 11.33

அப்படியானால் அவளுக்கும் அவன் பார்த்துவிட்டான் என்பது தெரியும். இருவரும் தெரிந்துகொண்டு, ஊரார் முன்னால், ஒரு சொல் பேசாமல். தம்பி, உங்கள் இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஆனால் கயிற்றை இங்கே புதிதாக நுழைக்க முடியாது. முதல் பக்கத்திலேயே சாதாரணமாக ஓரிடத்தில் வாசகர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அரைவரி | வெள்ளி, இரவு 11.50

முதல் பக்கத்தில் அவன் அவசரமாக வெளியே கிளம்பும் காட்சி ஒன்று இருக்கிறது. தேவையில்லை என்று போன வாரம்தான் வெட்டி வேறு கோப்பில் வைத்தேன். அதைத் திரும்பக் கொண்டுவந்து, கதவை இழுத்துச் சாத்தும்போது கையில் பச்சைக் கயிற்றோடு சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நாளைக் காலையில் அதுதான் வேலை. நடுப்பக்கம் அண்ணா, காதொலிக் கருவிக் கதையைத் தொட்டுவிடாதீர்கள், அடுத்தது அது.